திருகில் ஒரு கீறல்

நின்ற இடத்திலேயே பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆக்சிலேட்டர்ல யாரும் காலே வெக்கலீங்க சாயபு. அப்பறம் எதுக்கு இப்படிக் கத்துது? பெட்ரோலு தண்ணியாப் போகுது" என்றார் பஸ் முதலாளி நரசிம்மலு.

உக்கடத்தில் யாகூபின் பட்டறை. 1936ஆம் வருஷம். கோயமுத்தூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் ஓடுகிற பஸ் அது. வாங்கி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. டிரைவர் ராசப்பனும் கிளீனர் சென்னிமலையும் ஓரமாக நின்றார்கள்.

யாகூப் முதலில் ஆக்சிலேட்டர் கம்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சத்தம் குறையவில்லை. ஸ்பிரிங் சரியாகவே இழுத்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்ப்பரேட்டர் உட்காரும் இடத்தில் பேக்கிங் போய் வெளிக்காற்று புகுந்தாலும் எஞ்சின் இப்படி ஓடும். அதைச் சுற்றிலும் எண்ணெய் விட்டுக் காதைக் கொடுத்தார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வண்டி நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று வைக்கிற சின்னத் திருகு ஒன்று உண்டு. அழுக்கேறிய அதன் தலையில் புதுக் கீறல் பளபளத்தது.

"கோளாறு ஒண்ணுமில்லீங்க. யாரோ திருகி ஏத்தி வெச்சிருக்காங்க."

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சட்டென்று சொல்லிவிட்டார்.

நரசிம்மலு திரும்பினார். "ராசப்பா, நீயா?"

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

ராசப்பன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றான். பக்கத்தில் நின்ற சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டான்.

முதலாளிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டு, எஞ்சின் குடித்துவிட்டது என்று சொல்லத்தான் இந்த வேலை என்றார். அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு ராசப்பனை அனுப்பிவிட்டார். ராசப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனான்.

வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைக்கச் சொன்னார் நரசிம்மலு. அவ்வளவு குறைத்தால் சூட்டில் எஞ்சின் அடிக்கடி அணைந்துபோகும் என்று யாகூப் சொல்லிப் பார்த்தார். அணைந்தால் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிக் கிளப்பக் கிளீனர் எதற்கு இருக்கிறான் என்று கேட்டார் முதலாளி. யாகூப் குறைத்துக் கொடுத்தார்.

பத்து நாள் போயிருக்கும். பீளமேட்டுக்கு ஒரு வேலையாகப் போன யாகூப், அதே பஸ் சாலையோரம் நிற்பதைப் பார்த்தார். ஆளேற்ற நிறுத்திய இடத்தில் எஞ்சின் அணைந்திருந்தது. புது டிரைவர் சீட்டில் இருந்தபடி அதட்டிக்கொண்டிருந்தான். வண்டிக்கு முன்னால் சென்னிமலை ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இடது கையால்.

யாகூப் அவனை விலக்கிவிட்டுத் தானே சுற்றி எஞ்சினைக் கிளப்பினார். பிறகு அவனுடைய வலது கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

ஐப்பசியில் ஹேண்டில் திருப்பி அடித்ததில் எலும்பு முறிந்துவிட்டது என்று சென்னிமலை மெதுவாகச் சொன்னான். மாவுக்கட்டுப் போட்டும் அந்தக் கையில் பலம் திரும்பவில்லை. அன்றிலிருந்து காலையில் ராசப்பனே ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்பிவிடுவான். பொழுது சாயும் வரை அது அணையாமல் இருக்கத்தான் திருகை ஏற்றி வைத்திருந்தான்.

"ஹேண்டில் போட முடியாதுன்னு தெரிஞ்சா முதலாளி என்னை நிறுத்திப்போடுவாருங்க. அதனாலதான் ராசப்பண்ணன் அன்னைக்கு வாயைத் தொறக்கல." சென்னிமலை கையை விடுவித்துக்கொண்டான். "நானும் தொறக்கலீங்களே. ஊட்டுல மூணு புள்ளைங்க."

யாகூப் அங்கிருந்து நேராக ராசப்பனின் வீட்டைத் தேடிப் போனார். அவன் மனைவி பழனியாத்தாள்தான் இருந்தாள். தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்ட அவன் வால்பாறைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள்.

"எங்கூட்டுக்காரரு திருடலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

யாகூப் யோசித்தபடியே திரும்பி நடந்தார். உண்மையைச் சொன்னால் ராசப்பன் பேர் நிமிரும். சென்னிமலையின் அடுப்பு அணையும். சொல்லாவிட்டால் ராசப்பன் காலத்துக்கும் திருடன்.

மறுநாள் நரசிம்மலுவின் முன்னால் போய் நின்றார்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க. கார்ப்பரேட்டர் உள்ளாற தண்டு தேஞ்சு போயிருக்குது. அதை நான் கவனிக்கல. வேகத்தை ஏத்தி வெச்சாத்தான் எஞ்சின் அணையாம ஓடும். ராசப்பன் செஞ்சதுதான் சரிங்க. அவன் திருடல."

தண்டு தேயவே இல்லை. நரசிம்மலு நம்பினார். யாகூபே திருகைப் பழையபடி ஏற்றி வைத்தார். பஸ் மறுபடியும் உறுமியது.

முதலாளி அன்றே வால்பாறைக்கு ஆள் அனுப்பினார். திருடன் என்று இறக்கிவிட்ட வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று ராசப்பனிடமிருந்து பதில் வந்தது.

அதற்குப் பிறகு நரசிம்மலுவின் பஸ் உக்கடம் பட்டறைப் பக்கம் வரவில்லை. வண்டி வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் அவர் சொன்னார்: "அந்த சாயபுகிட்டப் போகாதீங்க. தீர விசாரிக்காம வாயை விட்டு, ஒரு நல்ல மனுசனை ஊரை விட்டே தொரத்திப்போட்டாரு."

பேச்சு பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. கூட வேலை செய்கிறவர்கள் கொதித்துப்போய், நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

யாகூப் கை எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"என்னன்னு கேக்கறதுங்க? அவரு சொல்றது நெசந்தானே" என்றார்.