இரண்டு தூக்கும் ஒரு மூங்கிலும்

தங்கையன் மூங்கில் கழியைத் தோளில் வைத்து, முனைக்கொரு அலுமினியத் தூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

எல்லாம் பங்காளி சாரங்கபாணியால் வந்தது. முந்தின நாள் டீக்கடையில், அண்ணன் முறை என்றும் பாராமல், "போடா அன்னக்காவடி" என்று சொல்லிவிட்டான்.

சம்பா மொத்தமும் மழையில் சாய்ந்து கதிரிலேயே முளைத்தபோதுகூடக் கலங்காத மனிதர். இந்த ஒரு சொல்லில் கலங்கிவிட்டார்.

பொருள் தெரிந்ததுதான் தொல்லை. அந்தக் காலத்து ஆண்டிகள் இப்படித்தான் காவடி கட்டி வீடு வீடாகச் சோறு வாங்கிப் போனார்கள்.

பேர் வைத்தவனே சோறு போடட்டும். அவன் வாசலில் ஊரறிய நின்று கேட்பது. அவன் கூனிக்குறுகி இரண்டு தூக்கையும் நிரப்புவது. அவ்வளவுதான் திட்டம்.

நாலாவது வீட்டிலேயே திட்டம் கோணியது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் அவர் தோளில் காவடியைப் பார்த்தாள். கிருத்திகையா, சஷ்டியா என்றெல்லாம் யோசிக்கவில்லை. குடத்துத் தண்ணீரை அவர் காலில் ஊற்றி, மஞ்சள் பூசி, விழுந்து கும்பிட்டாள்.

"எம்மா, இது அந்தக் காவடி இல்லம்மா!"

சாமி பேசுகிறது என்று இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள்.

தெருமுனை வருவதற்குள் பம்பை வந்துவிட்டது. எங்கிருந்து என்று கேட்காதீர்கள், வந்தது. கழியில் மயிலிறகும் ஏறியது. தங்கையனுக்குத் தலை சுற்றிக் கால் தள்ளாடியது. "ஆடுறாரு, ஆடுறாரு!" என்று கூட்டம் அரோகரா போட்டது.

ஊர்வலம் சாரங்கபாணி வாசலில் நின்றதும், அவன் மனைவி அவன் பிடரியில் கைவைத்து அழுத்தினாள். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மன்னிச்சிடுங்கண்ணே. வாய் தவறிடுச்சு."

உள்ளே முருங்கைக்காய் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சேன்டா. சோத்த மட்டும் இதுல போடு."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "விரதக்காரருக்குச் சோறு போட்டா எங்க குடும்பம் வெளங்குமா? முருகா, ஏம்ப்பா இப்படிச் சோதிக்கிற?"

இரண்டு தூக்கிலும் தாராளமாக விபூதியைக் கொட்டினாள்.

பம்பை முன்னே போக, ஊரே தங்கையனை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனது.

அடுப்பில் பூனை சுருண்டு படுத்திருந்தது.

அவர் மனைவி பிரகதாம்பாள் இரண்டு இலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்திருந்தாள்.