ஃபோன் நம்பர்: இல்லை

பதினோரு ஃபாரம். பதினொன்றிலும் ஒரே ஃபோன் நம்பர்.

லேப் டெக்னீஷியன் லாரன்ஸுக்குத் தெரிந்த நம்பர்தான். ரத்தப் பரிசோதனைக்கு ஃபாரம் எழுதும் நர்ஸ் உபகாரமேரியுடையது.

"இன்னா சிஸ்டர், பதினோரு பேஷன்டும் உங்க வூட்லதான் குடியிருக்காங்களா?"

"மலைக்காரங்க சார். அவங்ககிட்ட ஏது ஃபோனு? அதான்…"

"கட்டத்த ரொப்பணும்னு எதையாவது எழுதிடறதா? நல்லா வேலை பாக்கறீங்க!"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவன் காதில் வாங்கவில்லை. ஃபாரங்களை அள்ளிக்கொண்டு நேராகப் பெரிய டாக்டரிடம் போய்விட்டான். மறுநாளே உபகாரமேரிக்கு மெமோ. ஊசி போடும் அறைக்கு மாற்றல்.

அதற்குப் பிறகு ஃபாரங்களை லாரன்ஸே எழுதினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கல்வராயன் மலையிலிருந்து மாதன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு காலும் வீங்கிக் கிடந்தன.

"ஃபோன் நம்பர்?"

"நம்மகிட்ட ஏது சார்? மேரியம்மா நம்பரு போட்டுக்கோங்க. எங்க பக்கம் எல்லாரும் அதான் குடுப்பாங்க."

"அதெல்லாம் இனிமே கெடையாது."

ஃபோன் நம்பர் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். ஊர் கட்டத்தில் 'கல்வராயன் மலை'. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ரத்தம் எடுத்துவிட்டு, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினான்.

மத்தியானம் ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கம். இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். வாசலுக்கு ஓடினான். மாதன் எப்போதோ பஸ் ஏறியிருந்தார்.

வேறு வழி தெரியாமல் ஊசி அறைக்குப் போனான்.

"எந்த ஊருன்னு கேட்டீங்களா சார்?" என்றாள் உபகாரமேரி.

"மலைன்னு எழுதியிருக்கேன்."

"மலைல எத்தினி ஊரு இருக்கு! நான் ஊரு, அடையாளம் எல்லாம் கேட்டுத் தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சிப்பேன். ரிசல்ட் மோசமா இருந்தா டாக்டருங்க எனக்குத்தான் ஃபோன் அடிப்பாங்க. பஸ் கண்டக்டர்கிட்ட சேதி சொல்லி அனுப்புவேன். பேஷன்ட் வரலன்னா நானே வண்டிய எடுத்துக்கினு போய்டுவேன்."

லாரன்ஸ் ரிசல்ட்டை அவளிடம் நீட்டினான்.

"நின்னுக்கினு இருந்தா ஆவாது. வாங்க" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

மலைமேல் வெள்ளிமலை ஊரைத் தாண்டி ஊர் ஊராக விசாரித்தார்கள். போன இடமெல்லாம், "வாங்க மேரியம்மா" என்று பெண்கள் ஓடிவந்தார்கள். ஆனால் கால் வீங்கிய மாதனை யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம்தான், சாமைக் காட்டை ஒட்டி அந்த வீடு கிடைத்தது.

வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"வெடியக்காலைல போய்ட்டாரும்மா" என்று மாதனின் மனைவி சாலம்மாள் உபகாரமேரியைக் கட்டிக்கொண்டாள். "மூச்சு முட்டறப்பகூட, உங்க நம்பரு குடுத்திருந்தா சேதி வந்திருக்கும்னு சொல்லிக்கினே இருந்தாரு. அங்க ஒரு சாரு கூடாதுன்னுட்டாராமே… யாரும்மா அந்தாளு?"

லாரன்ஸ் வாயைத் திறந்தான்.

உபகாரமேரி அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அந்தாளு இப்ப அங்க இல்லம்மா. இவரு வேற ஆளு. நேத்துலேர்ந்து சோறு தண்ணியில்லாம உங்க வூட்டுக்காரரத் தேடி அலையறாரு."