பதினேழு ஆணிகள்

அருவி பார்க்க வந்து தங்குகிறவர்கள் மறந்துவிட்டுப் போகும் பொருளை அந்த விடுதியில் யாரும் தபாலில் அனுப்பியதில்லை. கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்பார்கள். "அனுப்பிட்டா அவுக எதுக்குல திரும்பி வரப்போறாக?" என்பார் விடுதியை நடத்திவந்த, சிங்கராயரின் அப்பா. செத்துப்போன கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு ஓர் அம்மாள் நான்கு கடிதங்கள் எழுதினாள். பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றே நான்கு முறையும் பதில் போனது. ஐந்தாவது கடிதம் வரவில்லை.

மலைக்கு மேலே அணை கட்டியதும் அருவி வற்றியது, வருகிறவர்களும் நின்றுபோனார்கள். யாரும் படுக்காத கட்டில்களுக்குப் பத்து வருடம் விரிப்பு மாற்றிப் பார்த்த சிங்கராயர், கடைசியில் கட்டடத்தை இடித்து மரம் எடுக்கிறவர்களுக்கு விற்றார். இடிப்பதற்கு முன்னால், வருகைப் பதிவேட்டில் முகவரி தேடி, சுவரில் தொங்கிய பதினேழு பொருள்களையும் பொட்டலம் கட்டி அனுப்பினார். மூக்குக்கண்ணாடியைப் பஞ்சில் சுற்றி முதலில் அனுப்பிவைத்தார்.

ஒரு மாதம் கழித்து, தபால்காரர் இசக்கி சைக்கிளைச் செங்கல் குவியலில் சாய்த்துவிட்டுச் சாக்குப்பையை இறக்கினார்.

"அண்ணாச்சி, பதினேழும் திரும்பி வந்துட்டு. அந்த விலாசத்துல எல்லாம் ஆளே இல்லையாம்."

சிங்கராயர் சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு எழுந்துபோனவர், கூடத்துச் சுவர் இருந்த இடத்தில் போய் நின்றார்.

"அங்க என்னத்தத் தேடுதிய?"

"ஆணிய" என்றார்.