ஆறு அடி வால்

"பத்துப் பொண்ணுங்களுக்கும் ஒரே மாதிரி சாதா வெள்ளை ஃப்ராக். பின்னால இழுபடற வால் கூடாது, முத்து கூடாது, லேஸ் கூடாது. இதுதான் என் கோரிக்கை."

ஆரோக்கியமேரி எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் கோயில் ஹாலில் இருந்த அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த வருடம் பத்துச் சிறுமிகள் புதுநன்மை, அதாவது பூசையில் முதல்முறையாக அப்பம், வாங்க இருந்தார்கள். அதற்கான கூட்டம். பூ யார், மெழுகுவர்த்தி யார், கேக் யார் என்று அரை மணியில் முடித்துவிடலாம் என்று பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள், அன்னையர் குழுச் செயலாளர் டீனா. ஆரோக்கியமேரி எழுந்து கெடுத்துவிட்டாள்.

"கோரிக்கையா? இது என்ன, உங்க பீன்யா ஃபேக்டரி வாசலா?" என்றாள் ரீட்டா. ஹால் சிரித்தது.

ஆரோக்கியமேரி பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர். வேலைநிறுத்தத்தின்போது கேட்டுக்கு முன்னால் பதினோரு நாள் உட்கார்ந்தவள். இந்தச் சிரிப்புக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

"கேட்டுல உக்காந்ததாலதாங்க பாத்ரூம் போறதுக்கு டோக்கன் கேக்கறதை விட்டாங்க. உக்காந்தா நடக்கும்."

"எங்க வீட்டுல கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல கவுனுக்கு ஆர்டரே குடுத்தாச்சு. ஆயுசுக்கு ஒரு தடவை வர்ற நாளு!" என்றாள் ரீட்டா.

"அந்த ஒரு நாளாவது ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோட துணியைப் பார்த்து ஏங்காம இருக்கட்டுமே. ஃபாதர் குடுக்கற அப்பம் எல்லாருக்கும் ஒரே சைஸ்தானே?"

மூலையில் உட்கார்ந்திருந்த ஃபாதர் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல்.

டீனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆரோக்கியமேரிக்குத் தன் மகள் தீபிகாவுக்குக் கவுன் தைக்க வசதியில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கொள்கை பேசுகிறாள்.

"ஆரோக்கியம், கஷ்டம்னா வாயைத் திறந்து சொல்லும்மா. போன வருஷம் மாதிரி குரூப்புல ஒரு மெசேஜ் போட்டா நல்ல கவுனா வந்துடும்."

போன வருடம் ஒரு சிறுமிக்கு அப்படித்தான் வந்தது. பூசை முழுக்க "அது எங்க வீட்டுக் கவுன்" என்று ஒரு பெஞ்சு குசுகுசுத்தது. குரூப்பில் போட்டோவும் ஏறியது.

கடைசி பெஞ்சில் சகாயராணி தலை குனிந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அபார்ட்மெண்டுகளில் வீட்டுவேலை செய்பவள். அவள் மகள் ரக்ஷாவும் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. சகாயராணி எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

ஆரோக்கியமேரியின் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"மெசேஜ் வேணாம் மேடம். முடிவு சொல்லுங்க."

ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஃபாதர் எழுந்தார். "சாதா ஃப்ராக்தான். பிள்ளைங்க ஒரே மாதிரி நிக்கட்டும்."

"தனக்கு வக்கில்லேன்னா ஊரையே கீழ இறக்கிடறது!" வாசலில் காதில் விழும்படியே சொன்னாள் ரீட்டா.

ஆரோக்கியமேரி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

டீனா கெட்டவள் இல்லை. அந்த வார்த்தை அவளை உறுத்தியது. சனிக்கிழமை சாயங்காலம் மூத்த மகளின் பழைய வெள்ளை ஃப்ராக்கை இஸ்திரி போட்டு, ஒரு பையில் வைத்துக்கொண்டு, சிவாஜிநகரில் ஆரோக்கியமேரி வீட்டுக்கு ஸ்கூட்டரை விட்டாள். தீபிகாவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

கறிக்கடைச் சந்து, முதல் மாடி. கதவு திறந்திருந்தது.

ஸ்டூல் மேல் கையை விரித்துக்கொண்டு நின்றவள் தீபிகா இல்லை, சகாயராணியின் மகள் ரக்ஷா. ஆரோக்கியமேரி வாயோரத்தில் குண்டூசிகளைக் கவ்வியபடி அளவெடுத்துக்கொண்டிருந்தாள். தீபிகா தரையில் உட்கார்ந்து, ஒரு துணியிலிருந்து முத்துகளைப் பிரித்து டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம், உக்காருங்க."

டீனா பையை நீட்டினாள். "தப்பா நினைக்காதே, ஆரோக்கியம். தீபிகாவுக்கு..."

அதற்குள் அவள் கண் தரைக்குப் போனது. தீபிகா மடியில் கிடந்தது வெட்டியது போகப் பாதி கவுன். வெள்ளை சாட்டின். மார்பு முழுக்க முத்தில் லீலிப் பூக்கள். இப்படி ஒரு வேலையை டீனா கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில்கூடப் பார்த்ததில்லை.

"இது யாருது?"

"என்னோடது ஆன்ட்டி! அம்மா ஒரு வருஷமா லீவு நாள்ல எல்லாம் தைச்சாங்க. வால் மட்டும் ஆறு அடி! இப்ப அந்த வால்ல ரக்ஷாவுக்கு ஃப்ராக், மிச்சத்துல எனக்கு."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. போங்கடி, ரெண்டு பேரும் வெளிய போய் விளையாடுங்க."

பிள்ளைகள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டீனா பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"இவ்வளவு நல்ல கவுனை வச்சுக்கிட்டா அன்னிக்கு அத்தனை பேச்சு வாங்கினே? 'எங்கிட்ட இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

ஆரோக்கியமேரி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"எனக்குத்தான் இல்லேன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருந்தாதான் மேடம், வேற யாருக்கு இல்லேன்னு தேடி யாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."