பொறுப்புக் கடிதம்

“நான் கையெழுத்து போட மாட்டேன். வேற யாரையாச்சும் போய்க் கேளு.”

சொல்லிவிட்டு அங்காளம்மாள் மீன் ஆய உட்கார்ந்துவிட்டாள்.

நந்தினிக்குக் கோபம் வந்தது. பழவேற்காடு பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள் அவள். சுகிர்தாவுக்காகக் கடையைச் சாத்திவிட்டு கோட்டைக்குப்பம் வரைக்கும் வந்திருந்தாள்.

“வேற யாரும் போட முடியாது பெரிம்மா. சுகிர்தாக்கா இலங்கைக்காரங்க. அண்ணன் இருந்தவரைக்கும் அவர் கையெழுத்து போட்டாரு, விசாவ நீட்டிச்சாங்க. இப்ப அவர் இல்ல. ‘என் மருமவ என் வீட்லதான் இருக்கா, நான் பொறுப்பு’னு நீங்க எழுதிக் குடுத்தாதான் ஆன்லைன்ல ஏத்த முடியும்.”

“நாளைக்கு ஒண்ணுன்னா போலீசு என்னத்தானே வந்து கேக்கும்? எனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? விசா முடிஞ்சா அவ ஊருக்கு அவ போவட்டும்.”

மருமகள் சுகிர்தா சுவரோரம் நின்றிருந்தாள். மாமி வாயிலிருந்து இப்படி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போயிருந்த திருகோணமலைப் பெண் அவள். அங்காளம்மாளின் மகன் பூவரசன் அங்கே மீன்பிடிப் படகில் இருந்தான். கல்யாணம் முடித்து இருவரும் கோட்டைக்குப்பம் வந்து சேர்ந்தார்கள். போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவன் போய்விட்டான். குழந்தை இல்லை.

அவன் போன பிறகுதான், தான் வெளிநாட்டுக்காரி என்பதே சுகிர்தாவுக்கு உறைத்தது. பேங்க்கில் கணக்கு தொடங்கப் போனால், விசா எத்தனை நாளைக்கு இருக்கிறது என்றார்கள். சிம் கார்டு வாங்கப் போனாலும் அதே கேள்வி. அவளும் தமிழ்தான் பேசினாள். ஆனால் ‘கதைக்கிறது’ என்று ஒரு வார்த்தை வாயில் வந்ததும் எதிரில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள்.

திருகோணமலையிலிருந்து அம்மா தினமும் கூப்பிடுவாள். சுகிர்தா கொல்லைப்பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவாள்.

“வந்திடு பிள்ளை. அங்க ஆருக்காக இருக்கிறாய்?”

“மாமிக்கு வேற ஆரும் இல்லை அம்மா. கண்ணும் வடிவாத் தெரியேல்ல. தனிய விட்டுட்டு எப்படி வாறது?”

அந்த மாமிதான் இப்போது போ என்கிறாள்.

ஊர் சும்மா இருக்குமா? “புள்ள போய் வருசம் திரும்பல, அதுக்குள்ள மருமவளைத் தொரத்துறா பாரு,” என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் பொன்னுரங்கம் நேரிலேயே வந்து கேட்டார்.

“நாதியத்த பொண்ணு. ஒரு கையெழுத்துல இன்னா கொறஞ்சிடப் போவுது உனக்கு?”

“உன் வூட்ல வெச்சிக்கிறியா? வெச்சிக்கோ.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மத்தியானம், சோறு போட்டபடி சுகிர்தா கேட்டே விட்டாள்.

“நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான் மாமி?”

அங்காளம்மாள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். “ஒரு கொறையும் இல்ல. உன் மூஞ்சப் பாத்தா எனக்கு அவன் ஞாபகம்தான் வருது. நீ போயிடு.”

அன்றைக்குச் சாயங்காலமே சுகிர்தா நந்தினியிடம் போய் டிக்கெட் போடச் சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

புறப்படும் நாள் காலையில் மாமி வீட்டில் இல்லை. கையால் தடவி இறால் பிடிக்க ஏரியில் இறங்கியிருந்தாள். கரையை ஒட்டித்தான். ஆட்டோ சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்தவள் நிமிரவே இல்லை.

“கல்நெஞ்சக்காரி,” என்றாள் கூட வந்த நந்தினி.

சுகிர்தா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விமான நிலையத்தில் எல்லாம் முடிந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அம்மா கூப்பிட்டாள்.

“பாஸ்போட்டில முத்திரை குத்திட்டாங்களோ பிள்ளை?”

“ஓம்.”

“இனி நீ நினைச்சாலும் திரும்பிப் போகேலாதோ?”

“அந்த விசா முடிஞ்சுது அம்மா. புதுசா எடுக்கிறதெண்டா மாமிதான் கையெழுத்து வைக்க வேணும். அவவோ வைக்கிறது? நான் ஆட்டோவில வெளிக்கிடேக்க நிமிர்ந்தும் பாக்கேல்ல.”



“அப்ப இனிச் சொல்லலாம். போன மாசம் உன்ட மாமி எனக்குப் போன் எடுத்தவ.”

“மாமியோ? என்ன சொன்னவ?”

“‘சின்ன வயசுப் பொண்ணு சம்பந்தி. நான் கையெழுத்து போட்டா, என்னப் பாத்துக்கினு இங்கியே கெடந்து கெழவி ஆயிடுவா. போடலன்னா, என்னத் திட்டிக்கினாச்சும் உங்ககிட்ட வந்து சேருவா’ எண்டவ.”

 அம்மா தொடர்ந்தாள்.

“‘முத்திரை குத்துற வரைக்கும் சொல்லிடாதீங்க, தெரிஞ்சா பாதி வழில திரும்பி வந்துடுவா’ எண்டும் சொன்னவ.”