வெள்ளிக்கிழமைப் பிரதி

"கொஞ்சம் கடையப் பாத்துக்கங்க லோரன்ஸ் அண்ணே. ஜும்மாவுக்குப் பெய்த்து வாறேன்."

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகத் தொப்பியைத் தலையில் வைத்தபடி ஷிராஸ் படியிறங்கினான். அவன் தெருமுனையைக் கடக்கும்வரை சன்னலருகே நின்று பார்த்தார் லோரன்ஸ். பிறகு காற்சட்டைப் பையிலிருந்த சின்ன டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஷிராஸின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். கம்ப்யூட்டர் வழமைபோலத் திறந்தே கிடந்தது.

நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரே மாடியில் அடுத்தடுத்து இரண்டு கலியாண ஸ்டூடியோக்கள். லோரன்ஸின் ஸ்டூடியோவுக்கு வயது அதிகம். ஷிராஸுடையதற்குக் கூட்டம் அதிகம். படியேறி வருகிறவர்கள் தன் கதவைத் தாண்டிப் போய் அடுத்த கதவைத் தட்டும்போதெல்லாம் லோரன்ஸுக்கு வயிறு எரிந்தது.

அப்படி என்னதான் செய்கிறான்? படங்களின் நிறத்தில் ஏதோ இரகசியம் இருக்கிறது. எந்தக் கோப்பில் என்று தெரியாததால், வெள்ளிக்கிழமைதோறும் அந்தந்த வாரத்துக் கலியாணத்தை முழுதாகவே தன் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போவார். வீட்டில் வைத்து ஒவ்வொரு படமாகத் துருவிப் பார்ப்பார். இரகசியம் பிடிபடவில்லை. பொறாமைதான் வளர்ந்தது.

அன்றும் வேலையை முடித்து, தன் கதிரைக்குத் திரும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் ஷிராஸ் வந்தான்.

அடுத்த வாரம் ஷிராஸின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. கொஞ்ச நேரம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. பிறகு அதுவும் இல்லை. கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். உள்தகட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"வேற கொப்பி எடுத்து வைக்கலயா தம்பி?" லோரன்ஸ் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெச்சேன் அண்ணே. அதுவும் அதே டிஸ்க்குலதான், வேற ஃபோல்டர்ல."

"கெமரா கார்டு?"

"அழிச்சிட்டு அடுத்த கலியாணத்துக்கு எடுத்திட்டேன்."

சிரிப்பை மறைக்க லோரன்ஸ் தன் கடைக்குள் போக வேண்டியிருந்தது. ஊரே கொண்டாடும் கெட்டிக்காரன், இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொலைத்திருக்கிறான்!

"இனி ஆள் எழும்ப மாட்டான்," என்று மனைவி பியட்றிஸிடம் அன்றைக்கே சொன்னார்.

"ஏங்க, அடுத்தவங்க வீடு எரியறப்ப குளிர் காயிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் தேநீரை வைத்துப் போனாள்.

மறுநாள் வேலாயி வந்தாள். மகளின் கலியாணப் படம் வாங்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸேறி வந்திருந்தாள். டிஸ்க் போன கதையை ஷிராஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவன் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்க லோரன்ஸும் வாசலில் வந்து நின்றார்.

வேலாயி ஏசவில்லை.

"எல்லாப் படமும் வேணாம் தம்பி. மாப்புள பக்கத்துல எங்க வீட்டுக்காரரு சிரிச்சிக்கிட்டு நிப்பாரே, அது ஒண்ணு போதும். கலியாணம் முடிஞ்ச மறுவாரமே போய்ச் சேந்துட்டாரு. வீட்டுல இருக்கிறது ஐடென்டிகார்டு படந்தான். அதுல அவரு அவரு மாதிரியே இல்ல."

ஷிராஸ் பதறவில்லை. வாசலில் நின்ற லோரன்ஸை ஒருமுறை பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"கவலப்படாதீங்கம்மா. இன்ஷா அல்லாஹ், கெடைக்கும். நாளைக்கி வாங்க."

லோரன்ஸுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் போன பிறகும் இவனுக்கு இப்படியொரு அமைதியா? ஆண்டவர் அதையும் இவனுக்கே கொடுக்க வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் தன் டிஸ்க்கைச் செருகிப் பார்த்தார். வேலாயியின் புருஷன் இருந்தார். மேல் பொத்தான்வரை பூட்டிய புதுச் சட்டை, வெற்றிலைக் காவி படிந்த பற்கள் தெரிய ஒரு சிரிப்பு. நிறத்தைப் பிடிப்பதற்காக இதே படத்தை லோரன்ஸ் எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அந்த மனிதரை இன்றுதான் பார்த்தார்.

கொடுத்தால் திருடன் என்று தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மாதா சுரூபத்தின் முன் செபமாலையோடு முழந்தாளிட்டார். விரல் முதல் மணியிலேயே நின்றுவிட்டது.

காலையில் ஷிராஸின் மேசைமேல் டிஸ்க்கை வைத்தார். "எங்கயோ கிடந்திச்சி தம்பி. எப்பவாவது நீ தந்ததா இருக்கும். பாரேன்."

ஷிராஸ் அதை எடுத்துச் செருகினான். அவன் எடுத்த கலியாணங்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றன.

வேலாயி வந்ததும் பெரிய படமாக அச்சிட்டுக் கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இவருதான்," என்றாள். முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

லோரன்ஸ் ஷிராஸின் பக்கம் திரும்பினார். "தம்பி... அந்த டிஸ்க்கு நீ தந்ததில்ல. நான்..."

ஷிராஸ் மேசை லாச்சியைத் திறந்து, உறை பிரிக்காத புது டிஸ்க் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"இனி வெள்ளிக்கிழமைல இதுல கொப்பி எடுங்க அண்ணே. உங்கட பழசு சரியான மெதுவு. முடியிற வரைக்கும் நான் பள்ளிவாசல்லயே குந்திட்டு இரிக்க வேண்டியிரிக்கி."