நடந்துகொண்டே இருக்கும் வேலை

போலி வேலைக் குறுஞ்செய்தி எதுவானாலும் மருமகள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். நிறுவனத்துக்கு முகவரி இருக்காது. நேர்காணல் இல்லாமலே ஆளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். மற்றவர்கள் அழித்துவிடுவார்கள். இவளோ அனுப்பியவனைச் சீண்டிப் பார்ப்பாள்.

அன்று வந்ததற்குத் தன் மாமியாரின் பெயரை அனுப்பிவைத்தாள். அந்த அம்மாள் பக்கவாதத்தில் பேச்சும் நடையும் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

'நடந்துகொண்டே இருக்கும் வேலை. சம்மதமா?' என்று பதில் வந்தது.

'தாராளமாக' என்று தட்டினாள்.

“ஏண்டி, விளையாட எங்கம்மாதான் கிடைச்சாங்களா உனக்கு?” என்றான் கணவன்.

“சும்மாதானே படுத்திருக்காங்க? போய் நாலு இடம் பாத்துட்டு வரட்டுமே” என்று சிரித்தாள்.

மறுநாள் காலை உடம்பு துடைத்துவிடப் போர்வையை விலக்கினாள். மாமியாரின் பாதங்களில் புழுதி அப்பியிருந்தது. குதிகாலில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. கிழவி மருமகளைப் பார்த்து, அசைகிற பாதி வாயால் சிரித்தாள்.

கைபேசி சிணுங்கியது.

'உங்கள் அத்தை உங்களைச் சிபாரிசு செய்திருக்கிறார். தேர்வாகிவிட்டீர்கள்.'

“போலிதான்” என்று வாய்விட்டுச் சொல்லி அதை அழித்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தாள். வாசலில் கழற்றிவிட்டிருந்த அவளுடைய செருப்பு கட்டிலுக்கடியில், மாமியாரின் செருப்போடு ஒட்டி இருந்தது.